பன்னிரண்டு, ஏழு, முப்பது

11 பெப்ரவரி 2025, செவ்வாய்

ஜெனிஸ்டன் இன்று தானாகவே ஷேவ் எடுத்தார். வலது கன்னத்தில் கொஞ்சம் விட்டுப்போய்விட்டது. பிறகு லப்டொப்பைத் திறந்தார். ஸ்ட்ரோக் வந்த பிறகு இதுதான் முதல் தடவை. குசினிக்குள் நின்று சந்தோஷப்பட்டேன்.

போய்ப் பார்த்தால் திரையில் ஒரே வரி: "12,7,30".

வெள்ளவத்தை வகுப்பில் புதுப் பிள்ளைகளுக்கு அவர் கொடுக்கும் முதல் பைத்தன் புரோகிராமிங் பாடம். எழுத்தாகக் கிடக்கும் வரியைக் கொமா உள்ள இடத்தில் பிரிக்கவேண்டும், ஒவ்வொரு துண்டையும் எண்ணாக மாற்றவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக் கொடுத்தவர் என்ட மனுசன்.

"ஷாமி, அடுத்தது என்ன?"

"ஸ்பிளிட்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

13 பெப்ரவரி

பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

15 பெப்ரவரி, சனி

இன்றைக்கு ஸ்பிளிட் அவராகவே போட்டார். மூன்று துண்டு வந்தது. கூட்டிப் பார்த்தார் – 12730. நாற்பத்தொன்பது வரவேண்டும். இன்னும் எண்ணாக மாற்றவில்லை, அதனால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இன்ட் என்ற கட்டளையைப் போட்டால் சரி. அவ்வளவுதான்.

"பிழை எண்டு தெரியுது. எங்க எண்டு தெரியேல்ல."

ஒன்றுமே தெரியாமல் போயிருந்தால் இவ்வளவு நோகாதே, ஆண்டவரே.

நான் கையை நீட்டினேன். லப்டொப்பை அடித்து மூடினார். "எனக்குப் பக்கத்தில நிக்காதீங்க."

நிக்கேல்ல. ஆனா வேற எங்க போறது நான்? கொட்டாஞ்சேனையில இந்த ரெண்டு அறைதானே எங்களுக்கு.

16 பெப்ரவரி, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. எல்லாரும் அவரைத்தான் விசாரிப்பார்கள்.

20 பெப்ரவரி

மாளிகாவத்தையிலிருந்து பஸ்லா கோல் எடுத்தாள், அவருடைய மாணவி. "மிஸ், கிளாஸ் திரும்ப நடக்குமா? இல்லாட்டி நாங்க வேற எடம் பாக்கவா?"

ஜெனிஸ்டனிடம் சொன்னேன். அவர், "நீங்க எடுங்க."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"நீங்க என்ட முதல்... முதல் ப..." சொல் வரவில்லை. நெற்றியில் குத்திக்கொண்டார். கையைப் பிடித்தேன்.

பட்ச் என்றுதான் சொல்ல வந்தார். அவருடைய முதல் பட்ச்சில் முன்வரிசையில் இருந்தவள் நான். கலியாணம் அதுக்குப் பிறகுதான்.

ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.

1 மார்ச், சனி

வகுப்பு எடுத்தேன். அவர் நிற்கும் இடத்தில் நிற்க முடியாமல் போர்டுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியே நின்றேன்.

"கொமாவுக்குப் பொறகு ஸ்பேஸ் இருந்தா, மிஸ்?" என்று பஸ்லா கேட்டாள்.

"பரவாயில்ல, இன்ட் அதைக் கணக்கெடுக்காது."

அப்போது கதவு திறந்தது. ஜெனிஸ்டன். பொல்லை ஊன்றிக்கொண்டு, தனியே, த்ரீவீலர் பிடித்து வந்திருக்கிறார். முன்னால் இருந்த அவருடைய கதிரையை இழுத்துப் போட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மெல்ல நடந்து பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். பஸ்லா எழும்பப் பார்த்தாள், கையால் இருக்கச் சொன்னார்.

பக்கத்தில் தாஸிம் என்ற புதுப் பிள்ளை. அவனுக்கு இவரைத் தெரியாது. "அங்கிள் யாரையும் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல. படிக்க வந்தனான்."

இடது கையால் பேனையை எடுத்தார்.

நான் போர்டைத் துடைத்துவிட்டுப் பாடத்தை முதலில் இருந்து தொடங்கினேன்.