புது ஃபேன், பழைய சண்டை

என் அன்பு ராணி மச்சாளுக்கு,

நீங்கள் இல்லாத முதல் மழைக்காலம் இது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். உங்கள் மனிசன், என் அண்ணா, சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பாண் வாங்கப் போய்வருகிறார். வீட்டுப் புதினம் அவ்வளவுதான். இன்றைக்கு எழுதுவது நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வேலை செய்த புறக்கோட்டைக் கந்தோரைப் பற்றி. யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும்.

நீங்கள் பார்த்த பிரிவுக்கு இப்போது நான்தான் பொறுப்பு. சாமான் விடுவிக்கிற பத்திரம் துறைமுகத்துக்குப் பிந்தினால் சாமான்காரர் என்ன கத்துக் கத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. இப்போது ஒவ்வொரு கிழமையும் பிந்துகிறது. பத்திரம் கொண்டுபோகிற ஆட்கள் இரண்டு பேருக்கும் முறுகல். சிவபாலன் அண்ணை பைலை மேசையில் அடித்து வைக்கிறார். நிமல் துறைமுகத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து எல்லாரிலும் எரிந்து விழுகிறான். சோற்றுப் பார்சலைப் பிரித்துக் கறி மாற்றிச் சாப்பிட்ட ஆட்கள்! இப்போது ஒருவர் ஜன்னலைப் பார்த்துச் சாப்பிடுகிறார், மற்றவன் சுவரைப் பார்த்து.

என்ன பிரச்சினை என்று கேட்டால், "ஒண்டுமில்லைத் தங்கச்சி" என்பார் சிவபாலன் அண்ணை. "மொகுத் நே மிஸ்" என்று அதையே சிங்களத்தில் சொல்வான் நிமல். ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு பாடு?

ஊழியர்களை ஒற்றுமையாக்க ஒரு நிபுணர் இருக்கிறார் என்று யாரோ முதலாளியின் காதில் போட்டுவிட்டார்கள். அவரும் டை கட்டிக்கொண்டு வந்தார். முழங்கால் வருத்தக்காரரையும் சேர்த்து வட்டமாக நிற்கவைத்துப் பந்து எறியச் சொன்னார். பந்து முதலாளியின் தேத்தண்ணிக் கோப்பையில் விழுந்தது. பிறகு ஆளுக்கொரு கலர்க் கடதாசித் துண்டு. மனதை உறுத்துகிற பிரச்சினையைப் பெயர் போடாமல் எழுதவேண்டுமாம். சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருக்கிற இந்த ஊரில், மனதில் உள்ளதைத் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கிற பைத்தியம் யார் மச்சாள்? எல்லாரும் "ஃபேன் சரியில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். நிபுணருக்குப் பெரிய சந்தோசம், அடிப்படைப் பிரச்சினை பிடிபட்டுவிட்டதாம். அடுத்த நாளே புது ஃபேன் வந்தது. அதன் காற்றில் இருந்துகொண்டு பழைய சண்டையைத் தொடர்ந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை சிவபாலன் அண்ணை வேலையை விடப்போவதாகச் சொன்னார். அவர் லொட்ஜில் இருக்கிற மனிசன். கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று பொலிஸ் கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் இருப்பது கந்தோர் அடையாள அட்டை ஒன்றுதான். அதுவும் போனால் எங்கே நிற்பார்? வவுனியாவில் இருக்கிற பெண்சாதி பிள்ளைகளை யார் பார்ப்பது? இதெல்லாம் தெரிந்தும் போகிறேன் என்றால் எவ்வளவு நொந்திருக்கவேண்டும்.

என் பொறுமை போய்விட்டது. மத்தியானம் கதவைச் சாத்தி இரண்டு பேரையும் எதிரெதிரே இருத்தினேன். இரண்டு சோற்றுப் பார்சலையும் பறித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வாயைத் திறக்காமல் ஒருத்தருக்கும் சாப்பாடு இல்லை என்றேன்.

சிவபாலன் அண்ணைதான் முதலில் வெடித்தார். "நம்பாத இடத்தில என்னெண்டு இருக்கிறது? துறைமுகப் பக்கம் என்னை விடுறானே இவன்? பத்திரத்தைப் பறிச்சுக்கொண்டு தானே ஓடுறான். நான் குண்டு வைப்பன் எண்டு நினைக்கிறான்போல!"

நிமலுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் குண்டு என்ற சொல் நன்றாகவே விளங்கியது. முகம் செத்துப்போனது. பிறகு சிங்களத்தில் மெல்ல மெல்லச் சொன்னான். ஒருநாள் அவன் துறைமுக வாசலுக்கு வந்தபோது, காவலில் நின்றவர்கள் தமிழர் என்று சிவபாலன் அண்ணையைச் சேட்டைக் கழட்டச் சொல்லி வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். பார்க்கப் பொறுக்காமல் ஒதுங்கிப் போய்விட்டான். இனி இந்த மனிசன் அந்த வாசலுக்குப் போகக்கூடாது என்று அன்றே தானாக முடிவெடுத்து, இரண்டு பேரின் வேலையையும் தனியே இழுத்திருக்கிறான். பத்திரம் பிந்தாமல் என்ன செய்யும்?

"கொஹொமத மங் கியன்னே, அய்யே?" என்றான். எப்படி நான் சொல்லுறது அண்ணை என்று. கண்டதைச் சொன்னால் அவருக்கு வெட்கமாயிருக்கும் என்று பயந்தானாம்.

எனக்கு இரண்டு பேருக்கும் அறையலாம் போலிருந்தது. அவனுடைய இரக்கத்தை இவர் அவமானமென்று சுமந்திருக்கிறார். நாங்கள் நடுவில் ஃபேன் வாங்கியிருக்கிறோம்!

சிவபாலன் அண்ணை கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். "எனக்கு வேண்டாமெண்டு நீ ஏன் முடிவெடுத்தனீ?" என்றார். "என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் வேலையை விடவில்லை. இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் துறைமுகத்துக்குப் போகிறார்கள். நேற்றும் வாசலில் மறித்தார்களாம். விடும் வரைக்கும் நிமல் பக்கத்திலேயே நின்றானாம். பத்திரம் சில நாள் இன்னமும் பிந்துகிறது. ஏனென்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து படுத்தால் எனக்கு நித்திரை இல்லை. சிவபாலன் அண்ணை கேட்டதை நான் உங்களிடம் கேட்கவேண்டும் மச்சாள். மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகும் ஒளித்து வைத்தீர்கள். என் கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம், நான் கலங்கக்கூடாது என்றீர்களாம். உங்கள் செத்தவீடு முடிந்த பிறகுதான் அண்ணா சொன்னார். நீங்கள் என்னோடு கதை குறைத்தபோது, உங்கள் கதிரைக்கு நான் ஆசைப்படுகிறேன் என்று கோபமாக்கும் என்றல்லவா நினைத்தேன்! எனக்கு வேண்டாமென்று நீங்கள் ஏன் முடிவெடுத்தீர்கள்? ஆஸ்பத்திரி வரிசையில் உங்கள் பக்கத்தில் நான் நின்றிருப்பேனே. அது என் இடம். அதை எனக்குத் தராமல் போய்விட்டீர்கள்.

அண்ணா சில நாளாக இருமுகிறார். கேட்டால் தூசி என்கிறார். நாளைக்கு லீவு போட்டு அவரை டொக்டரிடம் கூட்டிப் போகிறேன். கத்தினாலும் விடமாட்டேன், உள்ளே டொக்டர் சொல்வதையும் பக்கத்தில் இருந்து கேட்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

கோபம் இன்னும் ஆறாத
உங்கள் மச்சாள்,
வத்சலா