ஞானஸ்நானத்துக்கு வைத்த கேக்

2024 நவம்பர் 5
மனைவி சுகிர்தம் கொழும்புக்கு, மகள் நிஷானியிடம் போய் மூன்று நாள். அவள் வைத்துவிட்டுப் போன மீன்குழம்பும் முடிந்தது. பக்கத்து வீட்டு றஜிதா சாப்பாடு தரட்டுமா என்று கேட்டாள். எனக்குச் சமைக்கத் தெரியும் என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 7
மழை. பாண்காரன் வரவில்லை. சோறு அடிப்பிடித்துவிட்டது.
பசியில் குசினி அலுமாரியைக் குடைந்தேன். ஒடியல் மாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கற் ரின். உள்ளே நிஷானியின் கலியாணக் கேக்! முதல் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தில் வெட்டவேண்டும் என்று 2017இல் சுகிர்தம் கெடாமல் இருக்கப் பிறண்டிச் சாராயம் தெளித்துச் சுற்றி வைத்தது. நான் மறந்தே போனேன். அவளும்தான் போல. இந்த வீட்டில் பிள்ளைப் பேச்சை எடுத்து எத்தனை வருடம்.
அரைவாசிதான் இருக்கிறது. எலியோ? வெட்டு நேராக இருக்கிறதே.
முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். பூஞ்சணம் எப்படி இருக்கும் என்று தெரியாதா? ஓரத்தைச் சுரண்டிவிட்டு ஒரு துண்டு தின்றேன். சின்னத் துண்டு.

நவம்பர் 8
உயிரோடு இருக்கிறேன். இரண்டு துண்டு.

நவம்பர் 9
வயிற்றைப் புரட்டுகிறது. ஓமத் தண்ணீர் குடித்தேன். வாய்க் கசப்புக்குக் கொஞ்சம் கேக்.

நவம்பர் 12
ஒரு விரல் அகலம் மிச்சம். யார் கேட்கப் போகிறார்கள்?

நவம்பர் 13
சுகிர்தம் போனில் கேட்டுவிட்டாள்.
நிஷானிக்கு நாலு மாதமாம்! டொக்டர் உறுதியாகச் சொல்லும்வரை என்னிடம்கூட மூச்சு விடவில்லை. போனைப் பிடித்தபடி அழுதேன். கண்ணைத் துடைக்க முன்னமே, “அந்தக் கேக் ரின் இருக்கோ?” என்றாள். அவள் குரலும் ஏனோ இறங்கித்தான் இருந்தது.
“ஓம், இருக்கு.”
ரின் இருக்கிறதுதானே.
கடவுளே, என்ன வேலை செய்துபோட்டன்? பிள்ளை பிறக்க முன்னமே பிள்ளையின்ரை கேக்கைத் திண்டிட்டன். அவளுக்கு எந்த முகத்தோடை சொல்லுறது?

நவம்பர் 16
சுகிர்தம் ரயிலில் வந்து இறங்கினாள். பையை வைக்க முன்னமே ரின்னை நீட்டி உண்மையைச் சொன்னேன்.
மூடியைத் திறந்து பார்த்தாள். “நான் விட்ட பாதியையோ?”
நாலு வருடத்துக்கு முன், இனிப் பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று டொக்டர் சொன்ன அன்று குசினியில் நின்றபடியே தின்றாளாம். பசியில்லை என்று மத்தியானம் சோற்றைத் தொடாமல் இருந்தாளே, அன்றைக்கு. எனக்குத் தெரியாமலே போய்விட்டது.
ரின்னுக்குள் கிடந்த ஒரு விரல் அகலத் துண்டை இருவரும் குனிந்து பார்த்தோம். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்குத்தான் முதலில்.
மிச்சத்துக்குப் பிறண்டி தெளித்து, புதுத்தாளில் சுற்றினாள். “பிள்ளைக்குப் பல்லே இராது. உந்தளவு காணும்.”
அலுமாரியைப் பூட்டினாள். திறப்பை என்னிடம் தரவில்லை. தானும் வைத்திருக்கவில்லை. றஜிதாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.