முப்பது மணி நேர மகன்

என் வீட்டம்மாவுக்கு,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் முதியோர் இல்லத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்கு, கேமராவைப் பார்த்து இளித்தபடி, ஏழு தடவை சூப் ஊட்டினேன். எட்டாவது தடவை அவர், "வயிறு நிரம்பிடுச்சுப்பா. வாயை மட்டும் திறக்கறேன், படம் எடுத்துக்கோங்க" என்றார்.

நீயும் பிள்ளைகளும் நலந்தானே? அப்பா ஏதாவது சாப்பிடுகிறாரா? அவர் இந்த மாதம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக நீ எழுதிய அன்றே மேனேஜரிடம் லீவு கேட்டேன்.

"அண்ணே, இந்த வருஷம் நம்ம கம்பெனியோட திட்டமே சமூகப் பொறுப்புதான். ஆளுக்கு முப்பது மணி நேரம் முதியோர் சேவை. உங்களுக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருக்கு. அதை விட்டுட்டு அப்பாவைப் பாக்கப் போறேங்கறீங்களே!"

"அவரும் முதியோர்தானே சார்?"

"அவரு நம்ம பட்டியல்ல இல்லையே!"

சிரித்துவிட்டு வந்தேன். கழிப்பறைக்குள் போய்த்தான் அழுதேன். அங்கேயும் நிம்மதியில்லை, வெளியே இரண்டு பேர் அவசரமாகக் கதவைத் தட்டினார்கள்.

அப்பாவுக்குப் புரையேறாமல் எந்தப் பக்கம் சாய்த்து ஊட்டுகிறாய் என்று எழுது. அவர் என்னைக் கூப்பிட்டால் போனில் பதிவு செய்து அனுப்பு. சாப்பாட்டு இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது, நிறுத்துகிறேன்.

இன்னொன்று. நான் சூப் ஊட்டிய அந்தப் படம் கம்பெனியின் ஆண்டறிக்கையில் வருகிறது. கீழே, 'கம்பெனி தந்த விடுப்பில் தன் தந்தையைக் கவனிக்கும் ஊழியர்' என்று போட்டிருக்கிறது. அறிக்கை எழுதுவதுதானே இங்கே என் வேலை, அந்த வரியும் நான் எழுதியதுதான்.