இரண்டாம் தடவை கேட்ட பூ

நெருப்பெரிச்சல்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜனனிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி அக்ஷராவும் அந்த ஊர்க் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை கண்ணு. போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை எடுத்தேன், நீ "சொல்லுங்கப்பா" என்றதும் நூல் விலையையும் உன் அம்மாவின் முட்டி வலியையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடம் காட்டுவது உன் இஷ்டம். இனி எதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

தம்பி கம்பெனி வேலையாகக் கோயமுத்தூர் போயிருக்கிறான் என்று போன வாரம் சொன்னேனே, அது பொய். நித்தீஷ் அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிருக்கு ஆபத்து இல்லை, பதறாதே. திரும்பவும் அந்த வலி மாத்திரையைப் போட்டுவிட்டான். இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் மயங்கிக் கிடந்தவனை நம் கம்பெனி ஓவர்லாக் டெய்லர் காசிமாயன்தான் பார்த்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், அங்கிருந்துதான் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். "மொதலாளி, தம்பிக்கு மூச்சு இருக்கு, பதறாம வாங்க" என்று அவரே எனக்குத் தைரியம் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது. இதைப் படித்ததும் தம்பி மேல் உனக்குக் கோபம் வரும். அவனை ஒரு வார்த்தை சொல்லாதே சாமி, திட்ட வேண்டியது என்னை.

ஷிப்மென்ட் ரத்தாகி நம் பனியன் கம்பெனி பாதி மூடிக் கிடந்தபோது மனசு உடைந்துபோய்த்தான் அவன் அந்த மாத்திரையைத் தொட்டான். போட்டால் நெஞ்சுப் பாரம் இறங்குகிறது என்று உன்னிடம்தான் முதலில் சொன்னானாம். அப்புறம் அந்த மாத்திரையே பாரத்தை ஏற்றிவிட்டது, போட்டாலும் அழுகை, போடாவிட்டாலும் அழுகை. போன வருஷம் நீ லீவு போட்டு வந்து அவனைச் சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டுப் போனாய், அவனும் கஷ்டப்பட்டு அந்த மாத்திரையை விட்டான். நான் எல்லாம் தீர்ந்தது என்று கிடா வெட்டிச் சொந்தக்காரர்களுக்குச் சோறு போட்டேன். ஆனால் மாத்திரை போன பிறகும் அந்தச் சோர்வு அவனை விட்டுப் போகவில்லை. இது தனி நோய், இதற்குக் கொடுக்கிற மருந்தைத் தான் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று அவனைப் பார்த்த டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். என் மண்டையில் ஏறவில்லை. அதுவும் மாத்திரை, இதுவும் மாத்திரை, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மடத்துக்குளத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண் பெயர் மோனிஷா, நல்ல குடும்பம். அவர்கள் வீடு பார்க்க வரும்போது மாத்திரை அட்டை கண்ணில் பட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது.

நிறுத்திவிடு என்றேன். அவன் தயங்கினான். சரி, சாமியிடமே பூக் கேட்டுவிடலாம் என்று குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போய், அவனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். வெள்ளை அரளி வந்தால் நிறுத்தலாம், செவ்வரளி வந்தால் கூடாது என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். சாமி முன்னால் மடித்துப் போட்ட பொட்டலங்களில் பூசாரி சீனிச்சாமி எடுத்துப் பிரித்ததில் செவ்வரளி இருந்தது. மனசு ஒருமிக்கவில்லைங்க, இன்னொரு தடவை எடுங்க என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தார். வெள்ளை வந்தது. அதை மட்டும் கொண்டுபோய், மருந்தை நிறுத்தச் சொல்லிச் சாமி உத்தரவு என்று அவன் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தான், அன்றே மருந்தை நிறுத்திவிட்டான்.

கொஞ்ச நாளில் சாப்பாடு குறைந்தது, குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் காலையில் கட்டிங் டேபிள் பக்கம் வந்து நின்று, "பழைய மாத்திரை நெனப்பாவே இருக்குதுங்கப்பா. போட்டுருவனாட்ட இருக்குது. என்னைய டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றான். பெற்ற பிள்ளை வாய்விட்டுக் கேட்டான் கண்ணு. நான், ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்துவிட்டுப் போகட்டும், திங்கட்கிழமை போகலாம் என்றேன். சனிக்கிழமையே அவன் அந்த மாத்திரையைத் தேடிப் போய்விட்டான். பெண் வீட்டாருக்கு வைரஸ் காய்ச்சல் என்று போன் செய்தேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் என் வாயில் பொய்தான் முதலில் வந்தது.

நேற்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "சாமியே வெள்ளப் பூக் குடுத்துச்சு. அப்படியும் என்னால முடியலீங்களேப்பா. கொறை எங்கிட்டத்தானுங்க" என்றான். சொல்லிவிட வாயெடுத்தேன், நர்ஸ் வந்ததைச் சாக்காக வைத்து எழுந்து வந்துவிட்டேன். அறுபது வயதில் இப்படி ஒரு கோழையாக இருக்கிறேன்.

நாளைக் காலையில் போகிறேன். முதலில் வந்தது செவ்வரளிதான், அப்பன்தான் திருப்பிக் கேட்டேன், உன்னிடம் எந்தக் குறையும் இல்லை என்று அவனிடம் சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்கும் இது தெரியாது, வந்து சொல்வேன். வழியில் மனசு மாறிவிடுவேனோ என்ற பயத்தில்தான் உனக்கு முதலில் எழுதினேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். அக்ஷராவைத் தலைக்குக் குல்லா இல்லாமல் வெளியே விடாதே. நாளை மத்தியானம் வார்டில் அவனிடம் போன் கொடுப்பார்கள், மறக்காமல் கூப்பிடு. அப்பா என்ன சொன்னார் என்று அவனிடம் கேள் கண்ணு, என்னிடம் கேட்காதே.

உன் அப்பா,
வெள்ளியங்கிரி