முதலை பார்க்கப் போன சனிக்கிழமை

ஜனவரி 9, வெள்ளி

காலையில் நல்ல பனி. அம்பாசமுத்திரம் கடைத்தெருவே தெரியவில்லை. நாளை எல்லோரும் பாபநாசத்துக்கு மேலே, அணையில் படகு. முதலையும் பறவையும் பார்க்க. மாமி போட்ட திட்டம். மாமியின் இளைய மகன், என் கொழுந்தன் அன்வர் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான்.

எடுக்க வேண்டியவை: புளிச்சோறு, அவித்த முட்டை, மகள் நஸ்ரினுக்கு ஸ்வெட்டர், வாந்தி மாத்திரை.

திட்டம் எதற்கென்று தெரியும். நஸ்ரின் வாப்பா மவுத்தாகி, நான் தனியாகி இரண்டு வருசம். அன்வரை நான் நிக்காஹ் செய்துகொள்ள வேண்டுமாம். எங்கள் வாப்பாவும் போனில் சரி என்றுவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்: பிள்ளையோடு பிறந்த ஊர் மேலப்பாளையம் போய், தையல் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொள்வேன் என்று. ஆனால் மாமி ஒரு தடவை சொன்னார்கள், "நீ போறதுன்னா போ. பிள்ள எங்க வீட்டுப் பிள்ள." அதோடு என் வாய் அடைத்துவிட்டது.

ஜனவரி 10, சனி

வெயில். காற்றில்லை. படகில் நாங்கள் நாலு பேர், ஓட்டுகிற அண்ணாச்சி. என்னையும் அன்வரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தார்கள் மாமி. மிதவைச் சட்டை கழுத்தை இறுக்கியது. நஸ்ரின் முன்னால், அண்ணாச்சி பக்கத்தில். எட்டு வயசுக்கு என்ன கேள்வி! கூழைக்கடா பதினேழு எண்ணினாள். நீர்க்காகம் எண்ணி மாளவில்லை.

கரைப்பாறையில் முதலை. வாயைப் பிளந்தபடி, அசையாமல். செத்துவிட்டதா என்றாள். வெயில் காயுது தாயி என்றார் அண்ணாச்சி. தண்ணீரில் இன்னும் இரண்டு, கண் மட்டும்.

திரும்பும் வழியில் எஞ்சின் நின்றது. விசிறியில் பழைய வலை சுற்றிக்கொண்டது. தண்ணீரில் இறங்கி எடுக்க முடியாது. போனில் சிக்னல் இல்லை. அடுத்த படகு வரும்வரை இருக்க வேண்டியதுதான், கையை வெளியே தொங்கவிடாதீர்கள் என்றார் அண்ணாச்சி.

பிறகு மாமி: "இங்கன யாரும் எந்திரிச்சுப் போக முடியாதுல்லா. இப்பவே பேசி முடிச்சிருவோம். வாற வெள்ளிக்கிழம நிக்காஹ் ஓத ஹஸ்ரத்த வரச் சொல்லுதேன்."

தண்ணீரையே பார்த்தேன். பக்கத்தில் அன்வர் மூச்சு விடுவது கேட்டது.

"உம்மா," என்றான், பைய. "பன்னெண்டு வருசமா அண்ணம் பொண்டாட்டின்னு மைனி மைனின்னு கூப்பிட்ட வாயி இது. வேற மாதிரி கூப்பிட வராது. என்னைய விட்டுருங்க."

அவனும் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்கும் வேண்டாம் மாமி என்று நானும் சொன்னேன்.

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து வேறு படகு வந்து கயிறு கட்டி இழுத்தது. புளிச்சோற்றை யாரும் தொடவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

மேகம். அன்வர் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு காலையிலேயே திருவனந்தபுரம் கிளம்பிவிட்டான். கார் ஏறும்போது, "வாரேன் மைனி." தலை நிமிரவில்லை.

மாமி பசியாறவில்லை. அறைக்கதவு சாத்தியே இருந்தது. இன்றைக்கே மேலப்பாளையம் போய்விடலாமா? பிள்ளை பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், துணிமணி, அவர் போட்டோ. மனசுக்குள் பெட்டி அடுக்கினேன்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாமி அடுப்படிக்கு வந்தார்கள். சண்டை என்று நினைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அவனக் கெட்டிக்கிட்டா நீ இங்கனயே இருப்பேல்லா. அதுக்குத்தான் அலைஞ்சேன். பெத்தது ரெண்டு. ஒண்ணு மண்ணுக்குள்ள, ஒண்ணு கடலுக்கு அங்கிட்டு. நீயும் பிள்ளையும் போயிட்டா நான் யாருக்கு ஆக்கிப் போடுவேன்? போகமாட்டேல்லா?"

இத்தனை நாள் நான் பயந்த கை. எலும்புதான் இருந்தது. இரண்டு வருசமாகத் தயாராக வைத்திருந்த பதில் எங்கே போனதோ.

"போகல மாமி."

கையை விட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கருவாடு வறுக்கட்டுமா என்றார்கள். சரி என்றேன். சட்டியை எடுத்துக் கொடுத்தேன்.