கதவு வரைக்குமான இசை

இன்று காலை மின்சார வேலைக்காரர் வந்து, கோயில் வாசலில் தூணோடு இருந்த அந்தச் சின்ன வெள்ளைச் சுவிட்சைக் கழற்றிவிட்டுப் போனார். அது இருந்த இடத்தில் தூணின் பழைய நிறம் சதுரமாகத் தெரிகிறது. இனி வாசலுக்கு மேலே ஒரு கமரா, மாடியில் ஓர்கன் வாத்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு திரை. சவப்பெட்டி வாசலைத் தாண்டுவதை வாசிப்பவரே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் அடக்கத்தன்று நடந்தது மறுபடி நடக்கக் கூடாதாம். நான் ஏன் சுவிட்சை அழுத்தவில்லை என்று விளக்கம் கேட்க, வியாழக்கிழமை கோயில் சபை என்னைக் கூப்பிட்டிருக்கிறது.

எங்கள் பாதிரியார் நல்ல மனுஷி. "மறந்திட்டன் எண்டு சொல்லு, அதோட முடிஞ்சுது" என்று டேனிஷில் சொன்னார். வீட்டில் மனைவியும் அதையே சொல்கிறாள்.

"மறந்துபோச்சு எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன, குறைஞ்சு போவியளோ? சனம் என்ன கதைக்குது தெரியுமே? செத்த மனுசனிலயும் கோவத்தைக் காட்டிப்போட்டான் எண்டு."

மகள் போனிலிருந்து தலை நிமிராமல் டேனிஷில் சொன்னாள், அப்பா எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று. அது புகழ்ச்சி இல்லை.

சபைக்குச் சொல்லுமுன் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே இருக்கும் இந்த ஊருக்கு நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் வந்தோம். நீங்கள் பிரான்ஸிலிருந்து ஓர்கன் வாசிக்க வந்தீர்கள். நான் மட்டக்களப்பிலிருந்து பௌதிகப் பட்டத்தோடு வந்து, தொழிற்சாலையில் முதுகை உடைத்துக்கொண்டு, பிறகு கோயில் பராமரிப்பு வேலைக்கு வந்தேன். இருவருடைய டேனிஷும் ஒரே அளவு மோசம். ஆனால் நீங்கள் பிழைவிட்டால் கிழவிகள் கன்னத்தில் கைவைத்துச் சிரித்து ரசித்தார்கள். நான் பிழைவிட்டால் "என்ன?" என்று மறுபடி கேட்டார்கள். அதை நான் உங்களிடம் சொன்னபோது நீங்கள் மறுக்கவில்லை. "ஓம்" என்றீர்கள். என் மனைவி உங்களுக்குக் கற்றுத்தந்த முதல் தமிழ்ச் சொல் அது.

உங்களிடமும் கோபங்கள் இருந்தன. அதனால்தான் மாடியில் உங்களோடு கோப்பி குடிப்பது எனக்குப் பிடித்தது. ஒரு பெரிய கோயிலில் பல வருடம் உதவி ஓர்கன்காரராக இருந்து, யாரும் வராத விடியற்காலைப் பூசைகளுக்கு வாசித்து, கடைசியில் தலைமை இடம் வேறொருவருக்குப் போனது. பாரிஸ் என்ற பெயரை நீங்கள் சொல்வதே இல்லை, "அங்க" என்பீர்கள். பிறகு ஒரு டேனிஷ்காரியை நம்பி இங்கே வந்தீர்கள். அவள் உங்களை விட்டுக் கோல்டிங் நகரத்துக்குப் போய்விட்டாள். நீங்களும் ஓர்கனும் மிஞ்சினீர்கள்.

உங்கள் இசை இந்த ஊருக்குப் பிடிக்கவில்லை. ஓல்போர்க் நகரத்தில் உங்கள் பெரிய கச்சேரிக்கு நான்தான் காரோட்டி வந்தேன். அடியில் ஒரு கனத்த சுரம் நகராமல் நிற்க, மேலே ஒரு சின்ன மெட்டு, சட்டைப்பையில் வீட்டுத் திறப்பைத் தேடுகிறவனைப் போலத் தொடங்கித் தொடங்கி நின்றது. நம் ஊரிலிருந்து வந்திருந்த சனம்கூட இருமியது, எழுந்து போனது. திரும்பி வரும் வழியெல்லாம் நீங்கள் விசிலடித்துக்கொண்டு வந்தீர்கள்.

பிறகு ஒரு விவசாயியின் அடக்கம். பெட்டி பாரம், தூக்கியவர்கள் கிழவர்கள். அவர்கள் பாதி வழியில் வரும்போதே உங்கள் வாசிப்பு முடிந்துவிட்டது. மீதித் தூரம் சப்பாத்துச் சத்தம் மட்டும். நீங்கள் உடனே கீழே இறங்கி வந்தீர்கள். "அந்த மனுசனை நடுவழியில விட்டிட்டன்" என்றீர்கள். நீங்கள் டேனிஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அடுத்த அடக்கத்துக்குப் புதிதாக ஒன்றை எழுதி வந்தீர்கள். அதற்கு முடிவு குறிக்கப்படவில்லை. நடுப்பகுதி சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறும். பெட்டி வாசற்படியைத் தாண்டியதும் நான் சுவிட்சை அழுத்துவேன், மாடியில் விளக்கு எரியும், நீங்கள் முடிப்பீர்கள். செத்த ஒவ்வொருவரும் தங்கள் நடையிலேயே வெளியே போனார்கள். அப்படிப் பல எழுதினீர்கள். ஊரில் யார் செத்தாலும் அதைத்தான் கேட்டார்கள்.

அவை புத்தகமாக அச்சாயின. பதிப்பாளர் சொன்னபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு வைத்தீர்கள்; என் சுவிட்சுக்கு அதில் வேலை இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முன்னுரையில் பாதிரியாருக்கு நன்றி, சுருதி சேர்ப்பவருக்கு நன்றி, உங்கள் பூனைக்கு நன்றி. என் பெயர் இல்லை. "பூனைக்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறீர்கள்" என்றேன்.

"பூனை என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை" என்றீர்கள்.

அதன் பிறகு நான் கோப்பிக்கு மாடி ஏறவில்லை. ஒருநாள் நீங்களே இறங்கி வந்தீர்கள். "கோவமோ?" "இல்லை." "நல்லது. எனக்கும் இல்லை." அவ்வளவுதான் நாம் கடைசியாக மனம்விட்டுப் பேசியது.

உங்கள் அடக்கத்துக்குப் பிரான்ஸிலிருந்து தங்கை மட்டும் வந்தார். பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் நின்றார்கள். தங்கைக்கு டேனிஷ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, பெட்டியின் ஆளில்லாத பிடியைக் கையால் காட்டினார். நான் சுவிட்சை விட்டுவிட்டுப் போய்ப் பிடித்தேன்.

மாடியில் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பெண் அச்சுப் புத்தகத்தைத் தொடவில்லை. உங்கள் பழைய முறைப்படி, விளக்குக்காகக் காத்திருந்து வாசித்தாள். பெட்டி வாசலைத் தாண்டியது, காரில் ஏறியது. விளக்கு எரியவில்லை. இசை சுற்றிக்கொண்டே இருந்தது. இசை நிற்காமல் எப்படிப் புறப்படுவது என்று தெரியாமல் காரோட்டி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாதிரியார் என் காதில், "விளக்கு!" என்றார். "ஓம், போறன்" என்று தமிழில் சொன்னேன். போகவில்லை. பத்தடிதான் தூரம். குளிர்காற்றில் முழு ஊரும் நின்று உங்களைக் கேட்டது. ஓல்போர்க்கில் எழுந்து போனவர்கள்கூட அங்கே நின்றார்கள். ஒருவரும் இருமவில்லை.

கடைசியில் பாதிரியார் கையசைக்க, இசை ஒலிக்கும்போதே கார் புறப்பட்டது. சனம் அதன் பின்னால் நடந்தது. நான் தனியாக உள்ளே வந்து சுவிட்சை அழுத்தினேன்.

வழக்கமாக அழுத்திய கையோடு மணியடிக்க ஓடவேண்டும். இத்தனை வருடமும் நான் முடித்துவைத்த ஒன்றின் முடிவையும் நான் கேட்டதே இல்லை. அன்று மணிக்குப் போகாமல் நின்றேன். மெட்டு தயங்கி ஒதுங்கியது. பிறகு அடியில் ஒரே ஒரு பெரிய குழாய், காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்து. சனம் உட்காரும் பக்கத்து வாங்கில் கைவைத்தபோதுதான் அது இன்னும் ஒலிக்கிறது என்று தெரிந்தது. அது நின்ற பிறகு ஓர்கனின் காற்று மெல்ல இறங்கும் சத்தம்.

முன்னுரை விஷயத்தில் என் கோபம் அப்படியே இருக்கிறது. செத்துப்போனீர்கள் என்பதற்காக அதை விடமாட்டேன். ஆனால் வியாழக்கிழமை, மறந்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். தெரிந்துதான் நின்றேன் என்று சொல்வேன். அதற்குமேல் கேட்டால், என் டேனிஷ் போதாது. அந்த வாங்குப் பலகை என் உள்ளங்கையில் அதிர்ந்ததைத் தமிழில்கூட இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.