டிரம்மில் இருந்த பால்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு, முட்டி வலி தேவலையா? நான் சுகம். எங்கள் கொட்டகையில் பக்கத்துக் கட்டில் தச்சர்தான் எழுதித் தருகிறார்.

பெரியவள் பிறந்து, களிமண் உப்பி நம் சுவர் பிளந்ததே, அந்த வருஷம் நினைவிருக்கிறதா? அதே மாதிரி மண்ணில்தான் இங்கே ரோடு போடுகிறோம். மழைக்கு உப்பாமலிருக்கப் பழைய டயர்த் தூளும், பாலிமர் என்ற வெள்ளைப் பசையும் கலக்கிறோம். பசைக்கு நாங்கள் வைத்த பெயர் பால். தூ, என்ன நாற்றம்!

நேற்று மேஸ்திரி, "டிரம்முல பால் இருக்கு, சீக்கிரம் கலக்குங்கப்பா!" என்று கத்தினார். தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, விவரம் தெரியாத புது டீக்காரர் அதை டீயில் ஊற்றிவிட்டார். முதல் வாய் குடித்தவன் நான். உதடு ஒட்டிக்கொண்டது.

"பெரியவரே, இனிமே எவ்வளவு மழை பேஞ்சாலும் நீங்க உப்ப மாட்டீங்க!" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

உடனே துப்பிவிட்டேன், டாக்டரும் பார்த்துவிட்டார், பயப்படாதே. ஆனால் சோற்றைப் பார்த்தாலும் குமட்டுகிறது, அந்தச் சிரிப்பை நினைத்தாலும் குமட்டுகிறது.

கொஞ்சம் சுக்கு அனுப்பு. தச்சருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வேலையை விட்டு வந்துவிடலாமா என்று கேட்க வேண்டும், மச்சானைப் போனில் பேசச் சொல். வாலிபத்தில் என்னோடு ரோடு வேலைக்கு வந்தவர்களில் இன்னும் உயிரோடிருப்பது, ஊர் திரும்பிவிட்ட நம் குள்ள மச்சான் ஒருவர்தான்.